டீபாட்டுக்கு ஒரு தொப்பி

எனக்குப் பின்னத் தெரியும்னு சொன்னா எங்க டிப்போவுல ஒருத்தனும் நம்ப மாட்டான். ஹாரன்லயே திட்டுறவன்னு எனக்கு ஒரு பேரு இருக்கு. கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச பேரு அது. அதனால நான் சொல்றதை உங்களோட வச்சுக்குங்க.

நான் பஸ் ஓட்டுறவன். என் வீட்டுக்காரி புத்தகம் பைண்டிங் பண்ற கடையில வேலை பாக்குறா. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மூணு தடவை உண்டாகி, மூணு தடவையும் தங்கல. முதல் தடவை நான் தொட்டிலுக்குப் பெயிண்ட் அடிச்சேன். ரெண்டாவது தடவை அவ அஞ்சு சட்டை தைச்சா, என் விரல் நீளத்துக்குக் கை வச்சு. மூணாவது தடவை முடிஞ்சு ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் எல்லாத்தையும் ஒரு அட்டைப்பெட்டியில போட்டு யாருக்கோ கொடுத்துட்டோம். அன்னைக்கு அவ செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்லயே நின்னு சொன்னா: "இனிமே இந்த வீட்டுல எதையும் முன்கூட்டியே செய்யக் கூடாது. வாங்கக் கூடாது. அந்த வார்த்தையைச் சொல்லவும் கூடாது."

எந்த வார்த்தைன்னு நான் கேக்கல. அவ்வளவு மடையன் இல்ல.

இப்போ நாலாவது தடவை. குளிர் ஆரம்பிக்கும்போது அஞ்சாம் மாசம். படுக்கையை விட்டு அதிகம் எழுந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அவளும் சரின்னு படுத்துட்டா. ஆனா அந்த வார்த்தை மட்டும் வாயில வராது. எல்லாமே 'உடம்பு'தான். "உடம்பு இன்னைக்குப் பரவாயில்ல"ம்பா. ஒரு நாள், "உடம்பு காலையில ரெண்டு தடவை உதைச்சுது"ன்னா. சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியாம நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

வயித்து மேல கையும் வைக்க மாட்டா. ரெண்டு கையையும் போர்வைக்கு வெளியில, அடுத்தவங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஒதுக்கமா வச்சுக்குவா. எனக்கு அதுதான் தாங்கல. தங்குமோ தங்காதோ, அது நம்ம கையில இல்ல. ஆனா உள்ள இருக்கிற வரைக்குமாவது அதோட அம்மா அதை ஒரு தடவை தொட்டுக் கொஞ்சணும். அந்தக் குளிர்காலம் பூரா நான் ஆசைப்பட்டது அது ஒண்ணுக்குத்தான்.

வெளியில பனி கொட்டிக்கிட்டே இருக்கும். எனக்குக் காலை ஷிப்டு. மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தா ஜன்னலெல்லாம் வெள்ளையா ஆவி படிஞ்சிருக்கும், உள்ள அவ தூங்கிட்டு இருப்பா. கொஞ்சம் முழிப்பா, ஏதாவது சொல்வா, திரும்பத் தூங்கிடுவா. "அலமாரிக்குள்ள ஒரு ஆறு ஓடுது, பாத்துக் கால் வைங்க"ன்னு ஒரு தடவை சொன்னா. சரின்னு நானும் பாத்துத்தான் கால் வச்சேன். வீடே பாதித் தூக்கத்துல இருந்துச்சு. கனவு எது, நெஜம் எதுன்னு பிரிச்சுப் பாக்க ரெண்டு பேருக்குமே தெம்பில்ல. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.

சமையல் நான்தான். பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், எல்லாத்தையும் ஒரே பானையில போட்டு வேகவிடுவேன். சூப்புன்னு பேரு. பானை கொதிக்கக் கொதிக்க ஆவி அறை பூராப் பரவி, அவ கட்டில் வரைக்கும் போகும். அவ கண்ணைத் திறக்காமயே கேப்பா, "உப்பு போட்டீங்களா?"

"போட்டேன்."

"எதுல?"

வாய்க் கொழுப்பு குறையல. அது ஒண்ணுதான் எனக்குத் தைரியம்.

குளிர்காலத்துல எங்க வீட்டுல யாருக்கும் கடையில வாங்கிப் பரிசு கொடுக்கிறதில்ல, கையால செஞ்சுதான் கொடுப்போம். படுத்த படுக்கையிலயும் அவ அதை விடல. பைண்டிங் கடையிலேருந்து மிச்சக் காகிதம் வரவழைச்சு, தலையணையைச் சாய்ச்சுக்கிட்டு, குட்டிக் குட்டி நோட்டாத் தைச்சா. பழைய சுவர்க் காகிதத்துல அட்டை, சிவப்பு நூல்ல முதுகு. அவ அக்காவுக்கு ஒண்ணு, டாக்டருக்கு ஒண்ணு, நர்ஸுக்கு ஒண்ணு, மாடிவீட்டுக்காரருக்கு ஒண்ணு, தபால்காரருக்குக்கூட ஒண்ணு. ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் நோட்டு. ஒரே ஒருத்தருக்குத்தான் இல்ல. அந்த ஒருத்தருக்கு நானாவது ஏதாவது செய்யணும்னு அப்பத்தான் தோணுச்சு. வீட்டுச் சட்டத்தை மீறுறோம்னு தெரியும். கை கேக்கல.

கடைசி ஸ்டாப்ல எங்களுக்குப் பதினோரு நிமிஷம் ஓய்வு. அங்க டிக்கெட் செக்கர் ஒருத்தி உக்காந்து பின்னிக்கிட்டே இருப்பா. பட்டப்பேரு ஊசி. பின்னுறதுக்காக வச்ச பேரு இல்ல, அவ பேச்சுக்காக வச்சது. என்னை விடப் பத்து வயசு சின்னவ, மரியாதையெல்லாம் கிலோ என்ன விலைன்னு கேப்பா.

"எனக்கும் இதைச் சொல்லிக்கொடு"ன்னேன்.

ஏற இறங்கப் பாத்தா. "யாருக்கு?"

"உனக்கெதுக்கு?"

"அளவு தெரியணும்ல சார். உங்க தலைக்குன்னா ரெண்டு ஆட்டுக் கம்பளி வேணும்."

வேற வழியில்லாம மெதுவாச் சொன்னேன். அன்னைக்கு அதுக்கப்புறம் அவ ஒரு வார்த்தை கிண்டல் பண்ணல. பையைத் துழாவி முட்டை மஞ்சக்கரு நிறத்துல ஒரு நூல்கண்டை எடுத்து என் மடியில வச்சா. "பொறந்த குழந்தைக்குத் தலை முப்பத்தஞ்சு சென்டிமீட்டர். காதை மூடுற மாதிரி ரெண்டு மடல் வச்சுப் பின்னுங்க"ன்னா.

முப்பத்தஞ்சு சென்டிமீட்டர்னா என்ன? எங்க வீட்டுல ஏது அந்த அளவுல ஒரு தலை? ஒரு நூலை அளந்து வெட்டிக்கிட்டு, அவ தூங்கும்போது வீடு பூரா அளந்தேன். ஆரஞ்சுப் பழம் சின்னது. காலிஃபிளவர் ரொம்பப் பெருசு. கடைசியில எங்க ரெண்டு கப் டீபாட்டோட வயிறு சரியா முப்பத்தஞ்சு. அதை வச்சே அப்பப்போ அளவு பாத்துக்கிட்டேன்.

ஒரு வரிசைக்கு எழுபத்திரெண்டு கண்ணி. எனக்கு எண்ணினா நடுவுல மறந்துடும். ஆனா ஸ்டாப் மறக்காது. எங்க ரூட்டுல இருபத்திநாலு ஸ்டாப். மருந்துக்கடை, பள்ளிக்கூடம், பாலம், தண்ணித்தொட்டின்னு மூணு தடவை முணுமுணுத்தா எழுபத்திரெண்டு. இதை விட நல்ல கணக்கு உலகத்துல கிடையாதுன்னு நெனச்சேன். பாதித் தொப்பி வந்தப்போ பனி அதிகமாகி, பாலம் ஸ்டாப்பை மூடிட்டாங்க. பழக்கதோஷம், நானும் பாலத்தை விட்டுட்டு முணுமுணுத்திருக்கேன். கணக்குல மூணு கண்ணி மிச்சம் வருதேன்னு மூணையும் ஒரே ஓரத்துல சேர்த்து இறுக்கிட்டேன். தொப்பி அந்தப் பக்கம் சரிஞ்சு போச்சு. "என்ன சார், பஸ் திரும்புற மாதிரி இருக்கு?"ன்னு ஊசி கேட்டா. பிரிக்க மனசு வரல. அப்படியே முடிச்சேன்.

முடிச்ச அன்னைக்கே மாட்டிக்கிட்டேன். நான் பானைக்கிட்ட நிக்கிறேன், அவ டிபன் டப்பாவுக்காக என் பைக்குள்ள கையை விட்டுட்டா.

"என்னங்க இது?"

திரும்பினா அவ கையில மஞ்சத் தொப்பி, ரெண்டு காதும் தொங்கிக்கிட்டு. திருதிருன்னு முழிச்சேன். எங்கேருந்து வந்துச்சோ, "டீபாட்டுக்கு. டீ ஆறாம இருக்கட்டுமேன்னு"ன்னு சொல்லிட்டேன்.

"டீபாட்டுக்கு எதுக்குக் காது?"

"ஒண்ணு மூக்குக்கு. ஒண்ணு கைப்பிடிக்கு."

அவ என்னைப் பாத்தா. தொப்பியைப் பாத்தா. மெதுவா எழுந்து வந்து டீபாட்டுக்கு மாட்டினா. பொருந்தாம என்ன செய்யும்? அதுக்கு அளவெடுத்ததுதானே! ஒரு பக்கம் சரிஞ்சு, குடிச்சிட்டு வந்த ஆள் மாதிரி உக்காந்துச்சு. "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு அவ போய்ப் படுத்துக்கிட்டா.

அன்னையிலேருந்து டீபாட்டுக்கு ராஜ வாழ்க்கை. தினம் மத்தியானம் தொப்பியோட மேசை மேல உக்காந்து ஆவி விடும். வாரக்கணக்குல டீ சிந்திச் சிந்தி ஒரு காது பழுப்பாயிடுச்சு. சில நாள் சூப்பு கொதிக்கிற சத்தத்துல நானும் நாற்காலியிலேயே தூங்கிடுவேன். அரைக்கண்ணால பாத்தா அந்த ஆவிக்குள்ள, மேசையோரமா ஒரு சின்னத் தலை அசையிற மாதிரி தெரியும். பயமே வராது. நல்லாக் கண்ணைத் திறந்துட்டா போயிடுமேன்னு அப்படியே இருப்பேன்.

ஒரு நாள் அவ அக்கா வந்தாங்க. நோட்டு வாங்கிட்டு, பதிலுக்குத் தானே காய்ச்சின ஆரஞ்சு ஜாம் கொடுத்துட்டு, டீ ஊத்தப் போனவங்க தொப்பியைத் தூக்கிப் பாத்தாங்க. "ஏண்டி, இது குழந்..." நான் இருமின இருமல்ல மாடிவீட்டுக்காரர் தரையைத் தட்டினாரு. அக்கா நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. என் வீட்டுக்காரி அலட்டிக்காம, "ஏன், டீபாட்டுக்குக் குளிராதாக்கா?"ன்னு கேட்டா. போர்வைக்கு மேல அவ ரெண்டு கையும் அப்பவும் ஒதுக்கமாத்தான் இருந்துச்சு.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துச்சு. இருபத்தெட்டாவது வாரம். மூணாவது தடவை இந்த வாரத்துல, இதே கிழமையிலதான் போச்சு. ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் பேசிக்கல. அன்னைக்கு முழுக்க அவ முழிச்சே இருந்தா. நான் லீவு போட்டுட்டுக் கட்டில் பக்கத்துல உக்காந்து கேரட் நறுக்கினேன். மூணு நாளைக்குத் தேவையான கேரட் நறுக்கிட்டேன். பொழுது சாஞ்சுது. ஒண்ணும் ஆகல.

மறுநாள் வேலைக்குப் போனேன். பத்து மணிக்கு மூடுபனி இறங்கிடுச்சு. முன்னால போற வண்டி தெரியல, ரோடு தெரியல, மேகத்துக்குள்ள ஓட்டுற மாதிரி இருந்துச்சு. பஸ்ஸெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டாங்க. நடந்தே வீட்டுக்கு வந்தேன். என் பூட்ஸ் சத்தம் எனக்கே கேக்கல. தெருவுல யாரும் இல்ல. கதவைத் திறந்தேன். வீடு அமைதியா இருந்துச்சு. மேசை மேல டீபாட் மொட்டையா உக்காந்திருந்துச்சு.

ஓடிப்போய்ப் பாத்தா, கட்டில் பூரா மஞ்ச நூல். சுருள் சுருளா, போர்வை மேல, தலையணை மேல, தரையில. அவ உக்காந்து தொப்பியைப் பிரிச்சுக்கிட்டு இருக்கா. முக்கால்வாசி போயிடுச்சு. ஒரு காது மட்டும் அவ கையில மிச்சம்.

முதல்ல உசிரு வந்துச்சு. அடுத்த நிமிஷம் சுரீர்னு கோபம் வந்துச்சு. பதினோரு நிமிஷம் பதினோரு நிமிஷமா எத்தனை நாள் பின்னினது!

"என்னடி பண்ற? அது டீபாட்டுக்கு இல்லடி! குழந்தைக்கு! நம்ம குழந்தைக்காகப் பின்னினது!"

கத்திட்டேன். கத்தின அப்புறந்தான் எந்த வார்த்தை வெளியில வந்துச்சுன்னு புரிஞ்சுது. கதவைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

அவ நிமிரல. நூலை இழுத்துக்கிட்டே, "தெரியும்"னா.

"தெரிஞ்சுமா பிரிக்கிற?"

"பின்ன? ஒரு பக்கம் கோணிக்கிட்டுக் கிடக்கு. எம்புள்ளைக்கு என்ன கோணத் தலையா?" கடைசிக் காதையும் உருவிட்டு என்னைப் பாத்தா. கண்ணு செவந்திருந்துச்சு, ஆனா அழல. "டீக்கறை வேற. இதை வச்சு எப்படிங்க குழந்தைக்குப் போடுறது? சுத்தி வச்சுட்டு அலசிப் போடலாம். முதல்லேருந்து பின்னுங்க. எனக்குப் பின்னத் தெரியாது. இன்னும் பன்னெண்டு வாரந்தான் இருக்கு, தெரியும்ல?"

கோட்டைக்கூடக் கழட்டாம கட்டில் ஓரத்துல உக்காந்தேன். அவ என் ரெண்டு கையையும் இழுத்து நீட்டவச்சு, நூலைச் சுத்திச் சுத்தி மாட்டினா. மறுமுனையைப் புடிச்சு உருண்டையாச் சுத்த ஆரம்பிச்சா. எனக்குக் கண்ணுலேருந்து கொட்டுது, தொடைக்கக் கையில்ல. வெளியில அந்த வெள்ளை மூட்டம். உலகத்துல இந்த ஒரு அறை மட்டும் மிச்சம் இருக்கிற மாதிரி இருந்துச்சு.

நடுவுல நூல் சிக்கிக்கிச்சு. சிக்கெடுக்க அவ உருண்டையை வயித்து மேல வச்சா. வச்ச உடனே உருண்டை குதிச்சுது. நான் பாத்தேன். அவளும் பாத்தா. திரும்பவும் ஒரு குதி, உருண்டை உருண்டு தரையில விழுந்து கட்டிலுக்கடியில ஓடிடுச்சு.

அவ வயித்து மேல கையை வச்சா. முழுசா, விரலை விரிச்சு, அழுத்தி வச்சா.

"கொஞ்ச நேரம் சும்மா இரு கண்ணு"ன்னா. "அப்பாவுக்குக் கை வலிக்குதுல்ல."

எனக்குக் கை வலிக்கவே இல்ல. பொழுது சாயிற வரைக்கும் நீட்டினபடியே உக்காந்திருந்தேன்.