கொசு போட்ட தடுப்பூசி

மலேரியாக்காரர் சத்தார் மலையேறி வருகிறார் என்றால் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் பாதிப் பேருக்குத் திடீரென்று காட்டில் வேலை வந்துவிடும். விரலில் குத்துவார், கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்ப்பார், கசப்பு மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அன்றைக்கு ஓடாமல் நின்றவன் தீர்த்தகிரிதான். தோளில் சாமைக்கட்டு.

"எனக்கு எதுக்கு சார் மாத்திரை? குளிர்காச்சல் எனக்கு எத்தினியோ தபா வந்து போயிடுச்சி. அம்மை வந்தவனுக்கு மறுபடி அம்மை வருதா இன்னா?"

சத்தாருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். பையை இறக்கி வைத்தார்.

"இது அம்மை மாதிரி இல்லப்பா. கொசு கடிச்சதும் கிருமி ஈரலுக்கு ஓடும். அங்க சேர்றதுக்குள்ள அதை மடக்கணும். அதுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்க வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்றாங்க. அது போட்டா ரத்தத்துல சிப்பாய் மாதிரி எதிர்ப்புப் பொருள் உண்டாவும். காச்சல் வந்தவங்களுக்கும் அது கொஞ்சம் இருக்கும், ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொன்னது எதுவும் தீர்த்தகிரியின் காதில் ஏறவில்லை. ரத்தத்தில் சிப்பாய்கள்! மாத்திரையை வாங்கி வேலியோரம் போட்டுவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் அவன் மனைவி செல்லி முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தங்கிய பிள்ளை. அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவன் கவலையெல்லாம். வெளிநாட்டு ஊசி எப்போது மலையேறி வருமோ? யோசித்தான். சிப்பாய்கள் தன் ரத்தத்தில் இருக்கிறார்கள். கொசு தன்னைக் குடித்துவிட்டு அவளைக் குத்தினால் அதுவே ஊசிதானே.

பொழுது சாய்ந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டுப்பட்டி ஓரம் உட்கார்ந்தான். செல்லியையும் பக்கத்தில் உட்கார வைத்தான். வேப்பிலைப் புகை போடக் கூடாது என்று உத்தரவு.

சேதி பரவியது. பக்கத்து வீட்டு மங்கம்மாள் தன் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"டேய், உன் கொசு எங்கிட்ட வரவே மாட்டேங்குதே."

"நெருங்கி உக்காருக்கா. அசையாத, பயந்துக்கும்."

மங்கம்மாள் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் ஒரு கொசுவை அடித்துவிட்டார். ஒருவரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்குள் கொசுமருந்தடிக்க வந்தவர்களையும் தீர்த்தகிரி வாசலிலேயே மறித்தான்.

"கொசுவைக் கொன்னுட்டா எங்களுக்கு ஊசி யாரு போடுவா?"

சில வாரங்களில் மங்கம்மாளுக்கு நடுக்கம் கண்டது. அடுத்து செல்லி. கட்டில் கால்கள் தடதடக்கும் குளிர். தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடினார்கள். ஒடுகத்தூர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "தாயும் பிள்ளையும் தேறுவாங்களான்னு இப்ப சொல்ல முடியாது" என்றாள். தீர்த்தகிரி செல்லியின் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

செல்லி கண்ணைத் திறந்து முனகினாள்.

"உன் சிப்பாய்ங்களைக் கொஞ்சம் எழுப்பிப் பாரேன். தூங்கறானுங்களா?"

சேதி கேட்டு வந்த சத்தார் முதலில் தீர்த்தகிரியின் விரலைத்தான் குத்தினார். சோதனை முடிந்து திரும்பியவருக்குத் திட்டவும் மனம் வரவில்லை.

"உன் ரத்தத்துல கிருமி கீதுப்பா. பழகிப்போன ஒடம்பு, உனக்குக் காச்சல் காட்டல. உன்னைக் கடிச்ச கொசு அதைத் தன் வயித்துல வளத்து இவங்களுக்குக் குடுத்துடுச்சி. எதிர்ப்புப் பொருள் கொசு வழியா வராது, கிருமிதான் வரும். காச்சல் காட்டாமலே கிருமி உள்ள தங்கிடும்னுதான் அன்னைக்கு 'ஆனா'வுக்கு அப்புறம் சொன்னேன். நீ கேட்டியான்னு பாக்காம பேசிக்கினே போனது என் தப்பு."

செல்லி தேறினாள். வயிற்றில் பிள்ளை உதைத்த அன்றைக்குத் தீர்த்தகிரி ஆஸ்பத்திரித் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுபடி மருந்தடிக்க ஆட்கள் சத்தாரோடு வந்தபோது, கேட்பதற்கு முன்பே பானை சட்டியையெல்லாம் அவனே வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மங்கம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா, வெளிநாட்டு ஊசி வந்துடுச்சா?"

"வரட்டும்க்கா. வந்தா மொத ஆளா கையை நீட்டறேன். ஆனா நாளைக்கு வர்ற மருந்தை நம்பிக்கினு இன்னைக்குக் கையில கீற மாத்திரையைத் தூக்கிப் போடக் கூடாது. அரைகுறையாக் கேட்டு நடக்கறவன் தன்னை மட்டும் கெடுத்துக்கல, பக்கத்துல கீறவங்களையும் சேத்துக் கெடுக்கறான்."

உள்ளேயிருந்து செல்லியின் குரல் வந்தது.

"பேசினது போதும். மாத்திரையை முழுங்கிட்டு வாயைத் தொறந்து காட்டு, சார் நிக்கறாரு."