பன்னிரண்டாம் வீட்டுக் கேத்தில்

1996 ஆம் ஆண்டில் ஒக்லாந்தில் வாழ்ந்த இலங்கைத் தமிழர்களில் ஒருவருக்கேனும் மனக்கவலை இருக்கவில்லை. இது வதந்தி அல்ல, ஆய்வின் முடிவு. நாற்பத்து மூன்று வீடுகளில், வீட்டுக்கு ஒருவரிடம், இருபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் கொடுக்கப்பட்டது. நித்திரை வருகிறதா, சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறீர்களா என்று தொடங்கி, இனி உயிரோடு இருந்து என்ன என்று தோன்றியதுண்டா என்பதில் முடியும் கேள்விகள். பூச்சியம் என்றால் ஒருபோதும் இல்லை, மூன்று என்றால் எப்போதும். ஷெல்லடிக்குள்ளால் ஓடி வந்தவர்கள், மூன்று நாடுகளின் விமான நிலையத் தரையில் படுத்தெழும்பியவர்கள், தகப்பனின் செத்தவீட்டைத் தொலைபேசியில் கேட்டவர்கள் எல்லோரும் பென்சிலை வாங்கி மொத்தம் ஆயிரத்து முப்பத்திரண்டு பூச்சியங்கள் போட்டுக் கொடுத்தார்கள். உலகில் வேறெந்த மனிதக் கூட்டமும் எட்டாத இந்தச் சாதனையைத் தமிழ்ச் சங்கத் தலைவர் ஜெயரட்ணம் மாத மடலின் முதற்பக்கத்தில் அறிவித்தார்: உலகிலேயே மனம் கலங்காத இனம் எதுவென்று பல்கலைக்கழகம் கண்டுபிடித்துவிட்டது, அது நாங்கள்தான். தீபாவளிக் கூட்டத்தில் ஒருபடி மேலே போனார். "வெள்ளைக்காரருக்கு மனம் சரியில்லையெண்டால் பேப்பர் நிரப்புவினம். எங்கடை ஆக்களுக்கு மனம் சரியில்லையெண்டால் இன்னொரு கோப்பை சோறு போட்டுச் சாப்பிடுவினம், அவ்வளவுதான்" என்றவர், அந்தப் படிவத்துக்கு விசர்ப் பேப்பர், அதாவது பைத்தியக்காரர்களின் தாள், என்று பெயரும் வைத்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பென்சிலைக் கடிக்கும் ஓர் ஆளை மேடையில் நடித்துக் காட்டினார். மண்டபம் ஐந்து நிமிடம் சிரித்தது.

படிவங்களைக் கொண்டு திரிந்தவர் அன்ரனீற்றா. மன்னார் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் தாதியாக இருந்தவர். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றபடியால், மருத்துவ உளவியல் பேராசிரியை ஒருவருக்குத் தமிழ் வீடுகளில் தரவு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தமிழ் வீட்டில் கேள்விக்கு முன்னால் தேத்தண்ணி வரும். வந்தவர் அதைக் குடிக்காமல் எழும்பக் கூடாது, கொடுக்காமல் வீட்டுக்காரர் அசையவும் கூடாது. ஆகவே மின்சாரக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கும்வரை இருவரும் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கத் தெரியாத அன்ரனீற்றா அந்த நிமிடங்களைப் படிவத்தின் ஓரத்தில் குறித்து வந்தார். பேராசிரியையின் அறையில் கேத்தில் மூன்று நிமிடத்தில் கொதித்தது. தமிழ் வீடுகளில் ஆகக் குறைந்தது ஒன்பது நிமிடம். மங்கரேயில் ஒரு வீட்டில் பதினேழு. ஒடாஹுஹுவில் தனியாக இருந்த அன்னம் என்பவரின் வீட்டில் முப்பத்தொன்று. "நான் நல்லாத்தான் இருக்கிறன் பிள்ளை, கேத்திலுக்குத்தான் ஏதோ" என்று அன்னம் சொன்னார்.

இரண்டு வருடம் முன்பு நகரத்துக்கு வந்த தண்ணீர்ப் பஞ்சத்தின் மிச்சம் என்று சிலர் சொன்னார்கள். சிலர் புதுக் கேத்தில் வாங்கினார்கள், அதுவும் அதே நேரம்தான் எடுத்தது. அன்னத்தின் கேத்திலைப் பேராசிரியையின் அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டபோது மூன்று நிமிடத்தில் கொதித்தது, திரும்பக் கொண்டுவந்து வைத்தால் முப்பத்தொன்று. பேராசிரியை அதிசயப்படும் வழக்கம் இல்லாதவர். மறுபடி அளந்து பாருங்கள் என்றார். மறுபடி அளந்ததில் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. படிவத்தைவிடக் கேத்தில் நம்பகமான கருவி என்று அவர் குறிப்பெழுதினார். ஆய்வு நெறிக் குழு மட்டும், கேத்திலிடம் யாரும் சம்மதக் கையெழுத்து வாங்கவில்லை என்று ஆட்சேபித்து அந்த நிரலை அறிக்கையிலிருந்து எடுக்கச் சொன்னது. எடுத்துவிட்டார்கள். பூச்சியங்கள் மிஞ்சின.

நாற்பத்து மூன்று வீடுகளில் பன்னிரண்டாம் வீட்டுக்கு மாத்திரம் கேத்தில் நேரம் கிடைத்திருக்கவில்லை. அது கிளென் ஈடனில் இருந்த ஜெயரட்ணத்தின் வீடு. முதல்முறை அன்ரனீற்றா போனபோது தேத்தண்ணி பிளாஸ்கில் தயாராக இருந்தது. தலைவர் வீட்டில் வந்தவரைக் காக்கவைக்கும் பழக்கம் இல்லை என்று அவரே ஊற்றிக் கொடுத்தார்.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஜெயரட்ணத்தின் மனைவி ரதிதேவி அன்ரனீற்றாவுக்குத் தொலைபேசி எடுத்தார். சுகம் கேட்கவில்லை. "தங்கச்சி, இவற்றை காருக்குள்ளை கறுப்பு மண் கிடக்கு" என்றார். ஜெயரட்ணம் வேலை செய்தது மங்கரேயில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில். அங்கே கறுப்பு மண் கிடையாது. கறுப்பு மண் இருப்பது மேற்குக் கரையில், அலை ஆளை இழுத்துக்கொண்டு போகும் கடற்கரைகளில். ரதிதேவி வேலைத்தலத்துக்குப் பேசிப் பார்த்தார். ஜெயரட்ணம் ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அங்கே வரவில்லை என்றார்கள். அதற்கு முன்னர் ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் சப்பாத்து லேஸ் கட்டக் குனிவாராம், ஒரு வேலைநாளில் பதினைந்து தடவை, போட்டிருந்ததோ லேஸ் இல்லாத பூட்ஸ். கடைசியில் ஒருநாள் பெட்டிகளுக்கு நடுவே குப்புறப் படுத்தவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். யாரோ சிரித்துவிட்டான். அதன் பிறகும் அவர் தினமும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டுப் போய், பின்னேரம் காற்சட்டை மடிப்பில் கறுப்பு மண்ணோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். மூன்று மாதமாக. அந்த மூன்று மாதத்துக்குள்தான் முதற்பக்க அறிவிப்பும் தீபாவளிப் பேச்சும் நடந்தன.

"இப்ப ஒரு கிழமையாய் எனக்கு அலுமாரித் திறப்பு, இன்சூரன்ஸ் கடுதாசி எல்லாம் காட்டித் தாறார். சங்கத்துக் காசுப் பெட்டியைச் செயலாளரிட்டைக் குடுத்திட்டார். கைமணிக்கூட்டைப் பிரணவிக்குக் கழட்டிக் குடுத்தவர், அவள் 'டாட், வை?' எண்டு கேக்க, எனக்கு நேரம் பார்க்கிற தேவை இல்லையெண்டு சொல்லியிருக்கிறார்." ரதிதேவி மூச்செடுத்தார். "சனிக்கிழமை ரெண்டரைக்கு ஓர் அலுவல் இருக்காம். என்ன அலுவல் எண்டு கேட்டால் சிரிக்கிறார். நீங்கள் ரெண்டு மணிக்கு வாங்கோ. நான் ஃபோன் பண்ணினதாய் இருக்கக் கூடாது."

எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுச் சிரிக்கிறவர்களை அன்ரனீற்றா மன்னாரில் பார்த்திருக்கிறார். பேராசிரியையிடம் சொன்னார். அவர் ஓர் அவசர இலக்கத்தை எழுதிக் கொடுத்து, கடைசிக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், ஒன்றோ அதற்கு மேலோ போட்டால் உடனே அழையுங்கள் என்றார். பூச்சியம் போட்டால்? பூச்சியம் போட்டவரை வீட்டில் பிடித்து வைக்க இந்த நாட்டில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை என்றார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அன்ரனீற்றா போய் மணியை அடித்தபோது, அந்த வீட்டின் பிளாஸ்க் காலையிலேயே ரதிதேவியின் கைதவறி விழுந்து உடைந்திருந்தது. இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் கையிலிருந்து தவறி விழுந்த முதல் பொருள் அது. ஜெயரட்ணம் நல்ல சேட்டுப் போட்டு, தலை வாரி, கார்த் திறப்பை விரலில் கொழுவியபடி முன் அறையில் நின்றார்.

"பிள்ளை, எனக்கு வெளியிலை ஓர் அலுவல்."

"அஞ்சு நிமிஷம் அண்ணை. இரண்டாம் சுற்று. உங்கடை வீடு இல்லாமல் கணக்கு நிறைவாகாது."

தலைவர் மறுக்க முடியாத வாதம். நின்றபடியே இருபத்து நான்கு பூச்சியங்கள் போட்டார். கடைசிப் பூச்சியத்தை மட்டும் இரண்டு தரம் சுற்றினார். அன்ரனீற்றா அதைக் கண்டார், ஆனால் இரண்டு தரம் சுற்றினாலும் பூச்சியம் பூச்சியம்தான். ஆய்வு முடிந்தது, நன்றி சொல்லி எழும்ப வேண்டும். அப்போது குசினியிலிருந்து ரதிதேவி, "இருங்கோ தங்கச்சி, கேத்தில் போட்டிருக்கிறன்" என்றார்.

அன்ரனீற்றா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஜெயரட்ணமும் உட்கார வேண்டியதாயிற்று, கதிரையின் நுனியில்.

இரண்டரை ஆயிற்று. கேத்திலின் சிவப்பு விளக்கு எரிந்தது, தண்ணீர் அசையவில்லை. மூன்று மணிக்கு ஜெயரட்ணம் போய்ச் சுவர்ச் செருகியை மாற்றிப் பார்த்தார். மூன்றே காலுக்குப் பானையில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றினார், அடுப்பு தணலாகச் சிவந்தது, பானை சில்லென்றிருந்தது. தோடம்பழ ஜூஸ் கொடு என்றார். தனக்குச் சீனி வருத்தம் என்றார் அன்ரனீற்றா, ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்ல வேண்டிய பொய் அது. "அப்ப பச்சைத் தண்ணி குடு" என்றவருக்கு ரதிதேவி குசினி வாசலில் நின்று பதில் சொன்னார்: "தலைவர் வீட்டிலை பச்சைத் தண்ணி குடுத்து அனுப்பினதெண்டு நாளைக்கு ஒடாஹுஹு முழுக்கக் கதைப்பினம். உங்களுக்குப் பரவாயில்லையெண்டால் எனக்கென்ன."

ஜெயரட்ணத்துக்கு அது பரவாயில்லை என்றிருக்கவில்லை. வேலிக்கு அப்பாலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம் அவரே ஜாடியோடு போய்க் கொதித்த தண்ணீர் வாங்கி வந்தார். கடிதப் பெட்டிவரை ஆவி பறந்தது. வாசற்படியில் கால் வைத்ததும் ஆவி நின்றது, உள்ளே கொண்டுவந்து விரலை வைத்துப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர். அவர் ஜாடியை மேசையில் வைத்துவிட்டுத் திறப்பைத் திரும்ப விரலில் கொழுவினார்.

நான்கு மணி. கேத்திலின் வெளிப்புறம் வியர்த்தது. மூவரும் விலைவாசியும் மழையும் கதைத்தார்கள். ஜெயரட்ணம் இரண்டு முறை எழும்பி வாசல்வரை போனார், இரண்டு முறையும் அன்ரனீற்றாவின் கோப்பை இல்லாத வெறுங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மூன்றாம் முறை கைபிடியைத் திருகிக் கதவைத் திறந்தே விட்டார். வெயில் உள்ளே விழுந்தது. அந்த நேரம் வீட்டுக்கு மேலால் ஒரு சிறிய விமானம் போயிற்று. ஜெயரட்ணம் மெதுவாகக் குனிந்து வலது காலின் லேஸைக் கட்டினார். இரட்டை முடிச்சாகக் கட்டினார், இழுத்துப் பார்த்தார். வெறுங்காலில் நின்றிருந்தார்.

பெண்கள் இருவரும் அதைப் பார்க்காதவர்கள் போல இருந்தார்கள். அவர் நிமிர்ந்து கதவைச் சாத்தினார்.

ஐந்தே காலுக்குக் கேத்திலுக்குள் டொக்கென்று ஒரு சத்தம். ரதிதேவி மூடியைத் திறந்து கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐஸ் கட்டிப்போச்சு" என்று, பால் தீர்ந்துபோச்சு என்கிற குரலில் சொன்னார். ஜெயரட்ணம் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய், கேத்திலை இரண்டு கையாலும் தூக்கினார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளங்கை உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர். அதைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன் அறைக்கு வந்தார், வயர் தரையில் இழுபட்டது.

"என்ரை வீட்டுக்கு வந்த ஆளுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க என்னாலை ஏலாமல் கிடக்கு, பிள்ளை" என்றார். "ஒரு தேத்தண்ணி."

பிறகு அழுதார். ஐம்பத்து நான்கு வயது ஆள், நல்ல சேட்டோடு, தேத்தண்ணிக்காக அழுதார். அன்ரனீற்றா எழும்பவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மூன்றே கால் மணித்தியாலமாகச் செய்ததையே செய்தார், இருந்தார். ரதிதேவி மேசையிலிருந்த திறப்பை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். ஜெயரட்ணம் அதைக் கண்டார். கண்டுவிட்டு, கேத்திலைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்து வயரைச் செருகிவிட்டு வந்து, அன்ரனீற்றாவுக்கு எதிரே கதிரையில் முழுதாக உட்கார்ந்தார்.

"உந்தப் பேப்பரை ஒருக்கால் தாங்கோ."

"எந்தப் பேப்பர், அண்ணை?"

"உதுதான்." தான் வைத்த பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "அழிறப்பரும் தாங்கோ."

பெரிய மண்டபங்களில் பேசிப் பழகிய மனிதர், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்தெழுதிவிடும் என்று பயப்படுகிறவர் போல இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினார். இரண்டு தரம் சுற்றிய பூச்சியம் இலேசில் அழியவில்லை, தாள் கிழியப் பார்த்தது. அந்த இடத்தில் என்ன எண் போட்டார் என்பதை அன்ரனீற்றா தலைகீழாகவே வாசித்துவிட்டு, அவசர இலக்கம் எழுதிய துண்டை எடுத்துக்கொண்டு தொலைபேசி இருந்த நடைக்குப் போய்ப் பேசினார். பேசிவிட்டுத் திரும்பியபோது அவர் இருபதாம் கேள்வியில் இருந்தார். இரண்டு பேர் புறப்பட்டு வருகிறார்கள் என்று அன்ரனீற்றா சொன்னார். வரட்டும் என்றார் ஜெயரட்ணம். ரதிதேவி இன்னும் இரண்டு கோப்பை எடுத்து வைத்தார்.

கேத்திலை யாரும் நிறுத்தவில்லை. அது கொதிக்கிற நேரம் கொதிக்கட்டும் என்று ரதிதேவி இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். அந்த வீட்டில் அடுத்த வருடம் முழுவதும் காலைத் தேத்தண்ணிக்கு முதல்நாளே கேத்தில் போடப்பட்டது. 1999 இல் நாற்பது நிமிடம் போதுமாயிருந்தது. அதை அங்கே ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு அன்ரனீற்றா பன்னிரண்டாம் வீட்டின் கேத்தில் நேரத்துக்கான வெற்றுக் கட்டத்தில், இன்னும் இல்லை, என்று எழுதினார். எதிரே ஜெயரட்ணம் பென்சிலின் பின்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இந்த ஒண்டுக்கும் ரெண்டுக்கும் நடுவிலை போட ஏலாதோ?"

"ஏலாது அண்ணை. ஏதாவது ஒண்டைத்தான் போட வேணும்."

அவர் இன்னும் கொஞ்சம் யோசித்தார். பிறகு மூன்று போட்டார்.