பாய்லருக்குப் போன பாலிசிகள்

ஆகஸ்ட் பதினோராம் தேதி, திங்கட்கிழமை காலை. இந்தியானா மாநிலம், ஹார்லன் ஃபோர்க் ஊர். வைசாக்கி டிரை கிளீனர்ஸ் கடையில் லோர்னா சட்டைக் காலர்களுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. கடையில் பாதி அவளுக்கு, பாதி கொழுந்தன் கிளெமுக்கு. கிளெம் கல்லாவில் சாய்ந்தபடி, மாநில சுற்றுச்சூழல் துறை அனுப்பிய கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்தான்.

கடிதம் சொன்னது இதுதான். 1974இல் கடையின் பழைய இயந்திரத்திலிருந்து ஒழுகிய சலவை மருந்து மண்ணில் இறங்கியிருக்கிறது. அதன் நச்சு ஆவி பக்கத்து வீட்டின் பேஸ்மென்ட்டில், தரைக்குக் கீழே உள்ள அறையில், ஏறுகிறது. மண்ணைச் சுத்தம் செய்வது நில உரிமையாளர் பொறுப்பு. அந்தச் செலவுக்குக் கடையை இரண்டு முறை விற்றாலும் போதாது.

"சாவியைக் குடுத்துட்டுப் போயிடலாம் லோர்னா. திவால்னு சொல்லிட்டா அப்புறம் யாரு கேக்கப் போறாங்க? முலாம் பட்டறைக்காரன் அப்படித்தானே போனான்!"

"அவன் போயிட்டான். அவன் விட்டுட்டுப் போன குழி பன்னெண்டு வருஷமா வேலி போட்டுக் கிடக்கு. ஒட்டிலீ என்ன பண்ணுவா? வீட்டை முதுகுல தூக்கிட்டு நடப்பாளா?"

ஒட்டிலீ பிராண்ட் என்பவள்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. கணவனுக்கு மாடிப்படி ஏற முடியாது என்று பேஸ்மென்ட்டிலேயே கட்டில் போட்டிருந்தாள். இப்போது அவர் ஹாலில் சோபாவில் படுக்கிறார்.

லோர்னா துறைக்கு போன் செய்தாள். அங்கிருந்த பெண் அதிகாரி ஒரு வழி சொன்னார். "உங்க மாமனார் காலத்துப் பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசியைத் தேடுங்க. கடையால அடுத்தவங்களுக்குச் சேதம் வந்தா ஈடு கட்டறதுக்கு எடுக்கற பாலிசி. அந்தக் காலத்துப் பாலிசியில, சேதம் எந்த வருஷம் நடந்துச்சோ அந்த வருஷப் பாலிசிதான் பொறுப்பு. எப்ப தெரிய வந்தாலும் கேக்கலாம்."

இதைக் கேட்டு கிளெம் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு அல்ல. "எங்கப்பா ஒவ்வொரு ஜனவரியும் புதுப் பாலிசி வந்ததும் பழசை பாய்லர் நெருப்புல போட்டுருவார். 'ஒரு வருஷம் ஒண்ணும் ஆகாம தப்பிச்சோம்'னு எங்களுக்கெல்லாம் செர்ரி பிராந்தி ஊத்துவார். நானும் சேர்ந்து கை தட்டியிருக்கேன்."

நிறுவனத்தின் பெயர் மட்டும் கிளெமுக்கு நினைவிருந்தது. லோர்னா போன் செய்தபோது அங்கே பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "பாலிசி நம்பர் சொல்லுங்க மேடம்."

"நம்பர் இருந்தா இந்நேரம் உங்ககிட்ட ஏன் தொங்கிட்டிருக்கேன்?"

"நம்பர் இல்லாம நாங்க எதுவும் தேட முடியாது மேடம்."

லோர்னா வங்கிக்கு ஒன்று, பழைய ஏஜென்ட்டின் மகளுக்கு ஒன்று, கணக்கருக்கு ஒன்று என்று ஆறு கடிதம் எழுதினாள். நான்குக்குப் பதில் வந்தது. நான்கிலும் இல்லை என்றே வந்தது.

மாதக் கடைசியில் உயர்நிலைப் பள்ளி பேண்டு வாத்தியார் எண்பது சீருடைகளைச் சலவைக்குக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே வழக்கமான படிவத்தையும் நீட்டினார். பள்ளிக்கு வேலை செய்பவர் யாரானாலும் காப்பீட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். முப்பது வருடமாக யோசிக்காமல் நிரப்பிக் கொடுத்த படிவம். அன்றைக்கு லோர்னாவின் பேனா பாதியில் நின்றது.

"வாத்தியாரே, இந்தச் சான்றிதழ் வழக்கம் எப்பலேர்ந்து இருக்கு?"

"எனக்கு முன்னாலேர்ந்து. வெர்னீஸைக் கேளுங்க, அவங்க எதையும் கிழிக்க மாட்டாங்க."

பள்ளி அலுவலகத்தின் வெர்னீஸ் டாலிவர் கடைசி இரும்பு அலமாரியை உதைத்துத் திறந்தாள். "குப்பை சேக்கறவள்னு என்னை எல்லாரும் கேலி பண்றாங்க. எடுத்துக்கோ உன் குப்பையை." 1969 முதல் 1981 வரை, பதின்மூன்று சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், தேதி.

லோர்னா அந்த எண்களை நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினாள். அக்டோபரில் அங்கிருந்து ஹால்வர்சன் என்பவர் நேரிலேயே வந்தார். சான்றிதழ்களைப் புரட்டினார். "இதெல்லாம் நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே காலாவதி ஆயிடுச்சு மேடம். ஆனாலும் மனிதாபிமானத்துல ஒரு தொகை தர்றோம். இனி எதுவும் கேக்க மாட்டோம்னு இதுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க." அந்தத் தொகைக்கு ஒட்டிலீ வீட்டில் ஆவியை வெளியே இழுக்க ஒரு விசிறி வைக்கலாம். மண்ணைத் தொட முடியாது.

கிளெம் பேனாவை எடுத்தான்.

வாசலில் வெளியூர்க் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்த ஒட்டிலீ, கதவருகே நின்றபடியே சொன்னாள்: "போடு கிளெம், நல்லாப் போடு. போட்டுட்டு என் பேஸ்மென்ட்ல வந்து ஒரு மாசம் படு. கட்டில் காலியாத்தான் இருக்கு."

கிளெமின் காது சிவந்தது. பேனா மேசைக்குத் திரும்பியது.

லோர்னா காகிதத்தை ஹால்வர்சன் பக்கம் தள்ளினாள். "மருந்து ஒழுகினது எழுபத்தி நாலுல. அன்னிக்கு உங்க பாலிசி உயிரோட இருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. பாலிசி காலாவதி ஆயிடுச்சுங்கறீங்க. மண்ணுல இறங்கினது ஆகலையே! எங்க தப்பை நாங்க ஒத்துக்கறோம். நீங்க ஏத்துக்கிட்ட பொறுப்பை நீங்க ஒத்துக்குங்க. இல்லன்னா கோர்ட்ல இந்தப் பதிமூணையும் வரிசையா அடுக்கறேன்."

அதன்பின் வழக்கறிஞர் கடிதங்கள் போயின, வந்தன. நம்பர் இல்லாமல் தேட முடியாது என்ற நிறுவனம், நம்பரை வைத்துத் தன் கிடங்கில் பழைய பாலிசிகளைக் கண்டுபிடித்தது. பிப்ரவரியில் மண் சுத்தம் செய்யும் செலவை ஏற்றுக்கொண்டது. ஏப்ரலில் பின்கட்டில் தோண்டும் இயந்திரம் இறங்கியது.

எதிர்சாரி பெட்ரோல் பங்க்காரர் டெல்பெர்ட் வேலியோரம் வந்து நின்றார். அவர் தொட்டியும் ஒழுகுவதாக ஊரில் பேச்சு. "எப்பவோ முடிஞ்ச பாலிசிக்கு எப்படிப்பா குடுத்தான்? நான் வித்துட்டு ஃபுளோரிடா போயிடலாம்னு இருந்தேன்."

கிளெம் இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்தினான்: "எங்கயும் போகாதய்யா! நாம கெடுத்த மண்ணை விட்டுட்டு நாமளும் ஓடக் கூடாது. பொறுப்பேத்தவனையும் ஓட விடக் கூடாது. முடிஞ்சு போச்சுன்னு அவன் சொல்லத்தான் செய்வான். முடிஞ்சுதான்னு நாமதான் படிச்சுப் பாக்கணும். போ, உன் பழைய காகிதத்தையெல்லாம் தேடு!"