நான்கு வாய்க்கும் ஒரே மூச்சு

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்து நிறுத்திய யுவராணி, சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை நண்பகலுக்கு இன்னும் நாற்பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

சனிக்கிழமை நண்பகலில் காரின் சொந்தக்காரன் விமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவான். மறுநாள் கோயம்புத்தூரில் ரேஸ். அவன் கையில் இருக்கும் படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன, 'இஞ்சின் தயாரித்தவர்' என்ற கட்டம் மட்டும் பாக்கி. இஞ்சின் நடுங்காமல் நின்று ஓடினால் அதில் யுவராணியின் பெயர். ஓடாவிட்டால் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், கோயம்புத்தூர் மெக்கானிக் ஒருவரிடம் விட்டுப் பழைய காற்றுக் குழாயையே மாட்டிக்கொள்வான். இதை அவன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான்.

அந்தக் கட்டம் யுவராணிக்கு வேண்டும். ஏழு வருடம் ராஜபாளையத்து நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவள். தென்காசி ரோட்டில் சொந்த ஒர்க்‌ஷாப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. வருவதெல்லாம் ஸ்கூட்டிதான். கார் கொண்டு வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "வேற யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இந்தக் காரும் தானாக வரவில்லை. விமலின் வீட்டுக்கு நான்கு தடவை நடையாய் நடந்து கேட்டு வாங்கிய வேலை.

வேலை இதுதான். சாதாரணக் காரில் நான்கு சிலிண்டருக்கும் காற்று ஒரே வாசல் வழியாகப் போகும். த்ராட்டில் என்பது அந்த வாசலின் கதவு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கதவு திறக்கும். யுவராணி அந்த ஒற்றை வாசலைக் கழற்றிவிட்டு, பெரிய மோட்டார் பைக் ஒன்றின் நான்கு த்ராட்டில்களை வரிசையாக மாட்டுகிறாள். சிலிண்டருக்கு ஒரு கதவு. மிதித்தவுடன் இஞ்சின் துள்ளி எழும். ஆனால் நான்கு கதவும் ஒன்றுபோலத் திறக்க வேண்டும். தலைமுடி அளவுக்கு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இஞ்சின் ஆட்டம் போட்டுவிடும்.

பைக்கின் துளைகளும் கார் இஞ்சினின் துளைகளும் ஒத்துப் போகவில்லை. இடையில் வைக்க ஓர் அலுமினியத் தகட்டைப் பக்கத்து லேத் பட்டறையில் தானே நின்று கடைந்து வந்திருந்தாள். மில்லில் அவளோடு வேலை பார்த்த பாண்டிசெல்விதான் இப்போது ஒர்க்‌ஷாப்பில் கூட்டாளி. வயரிங்கும், இஞ்சின் கம்ப்யூட்டரை லேப்டாப்பில் திருத்துவதும் அவள் பொறுப்பு. மாலை நான்கு மணிக்கு இருவரும் இஞ்சினை ஸ்டார்ட் செய்தார்கள்.

பிடித்துக்கொண்டது. ஆனால் கால் உடைந்த கிரைண்டர் மாதிரி குலுங்கியது.

"கதவு நாலும் நாலு தெசையப் பாக்குது. அளந்து பாத்துத் திருத்திருவோம்" என்றாள் யுவராணி.

அளப்பது அவளுக்குப் பழகிய வேலை. மில்லில் அறுந்த நூலை உறிஞ்சுகிற காற்றுக் குழாய்களை வாரா வாரம் அளந்திருக்கிறாள். அதற்கு 'யு' வடிவக் கண்ணாடிக் குழாய் ஒன்று. பாதிக்குத் தண்ணீர், கண்ணுக்குத் தெரிய அதில் இரண்டு சொட்டு சிவப்பு மை. ஒரு முனையை உறிஞ்சும் குழாயில் சொருகினால் தண்ணீர் ஏறும். எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறதோ அத்தனை இழுப்பு. அதே குழாயை எடுத்து வந்து, முதல் த்ராட்டிலின் கதவுக்குப் பின்னால், இஞ்சின் பக்கம் இருந்த சின்ன மூக்கில் ரப்பர் டியூபைச் சொருகினாள். மூன்று வருடம் கழித்தும் கை யோசிக்காமல் செய்தது.

இஞ்சினைக் கிளப்பினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் குழாய் காலி. இஞ்சின் இரண்டு முறை இருமி, பின்னால் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றது.

பாண்டிசெல்வி காலிக் குழாயைத் தூக்கிப் பார்த்தாள். "ஏட்டி, தண்ணி எங்கட்டி?"

யுவராணி சட்டென்று சாவியை உருவினாள். தண்ணீரை இஞ்சின் குடித்திருந்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது இஞ்சினைச் சுழற்றினால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அத்தோடு எல்லாம் முடிந்தது.

சத்தம் கேட்டு லேத் பட்டறை வைகுண்டராஜ் வந்து வாசலில் நின்றார். நடந்ததைப் பாண்டிசெல்வி வாயிலிருந்து வாங்கிக்கொண்டு சிரித்தார். "மில்லுல நூலு அந்துபோனா முடிச்சுப் போட்டுக்கலாம்மா. கனெக்டிங் ராடு அந்துபோனா எப்பிடி முடிச்சுப் போடுவ?"

"அளக்க வேற வழி பாக்கணும். ஒங்க லேத்து நாளைக்குக் காலைல எனக்கு வேணும்ணே" என்றாள் யுவராணி. சிரிப்பு நின்றது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டச் சொன்னாள். முதல் சிலிண்டரின் துளையிலிருந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டு அவள் சட்டையிலும் சுவரிலும் அடித்தது. துளை வெறும் காற்றை ஊதும்வரை சுழற்றினார்கள். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாள். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. பிளக்கை மாட்டிக் கிளப்பியபோது பழைய குலுக்கலோடு ஓடியது. அந்தக் குலுக்கலைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் ராஜபாளையத்தில் அன்று அவர்கள் இருவர்தான்.

ஆறு மணிக்கு விமல் போன் செய்தான். சொல்லாதே என்று பாண்டிசெல்வி கையை ஆட்டினாள். யுவராணி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அக்கா, நான் இப்பமே டிரெய்லரக் கொண்டுட்டு வரட்டுமா?"

"சனிக்கெழம மத்தியானம்னு சொல்லியிருக்கீக தம்பி. அன்னைக்கே வாங்க."

"சரிக்கா. ஆனா பன்னெண்டுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன்."

போனை வைத்ததும் பாண்டிசெல்வி பிடித்துக்கொண்டாள். "உண்மை வெளம்பி. ஒரு நாள் பொறுத்துச் சொன்னா என்ன?"

"அது அவரு இஞ்சினு. நாளைக்கே வேற கொளாறு வந்தா, இன்னைக்குத் தண்ணி குடிச்சது அவருக்குத் தெரியணும்ல."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் யுவராணி காரைத் தொடாமல் அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மில்லில் குழாய் ஏன் தண்ணீரைக் குடிக்கவில்லை? அங்கே இழுப்பு மில்லிமீட்டர் கணக்கு. இங்கே மூடிய கதவுக்குப் பின்னால் இஞ்சின் இழுக்கிற இழுப்பு மூன்று ஆள் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும். அப்படியானால் பின்னால் அளக்கக் கூடாது. மில்லிலும் காற்றை இழுக்கிற மின்விசிறிப் பக்கம் அவள் அளந்ததில்லையே. நூல் நுழைகிற வாயில்தானே அளந்தாள்!

காற்று நுழைகிற வாயில், கதவுக்கு முன்னால் அளக்க வேண்டும்.

நேரே லேத்துக்குப் போனாள். த்ராட்டில் வாயை மூடுகிற மாதிரி அலுமினியத்தில் ஒரு கிண்ணம் கடைந்தாள். நடுவில் பென்சில் நுழைகிற துளை, பக்கவாட்டில் டியூப் சொருக ஒரு மூக்கு. காற்று முழுவதும் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். கூடுதலாகக் குடிக்கிற வாய், தண்ணீரைக் கூடுதலாக ஏற்றும். நான்கு வாய்க்கும் ஒரே கிண்ணம் என்பதால் கிண்ணத்தில் பிசகு இருந்தாலும் நான்குக்கும் ஒரே பிசகுதான். தண்ணீர் குதிக்காமல் இருக்க, மருந்துக்கடையில் குளுக்கோஸ் டியூப் வாங்கி அதன் சக்கரத்தை இறுக்கி வைத்தாள்.

முதல் வாயில் கிண்ணத்தை அழுத்தியபோது பாண்டிசெல்வி ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள். தண்ணீர் மெல்ல ஏறி நின்றது. இருபத்திரண்டு மில்லிமீட்டர். இரண்டாவது முப்பத்தொன்று. மூன்றாவது இருபத்துநான்கு. நான்காவது பதினொன்று.

"குலுங்காம என்ன செய்யும்! நாலாவது பட்டினியால்லா கெடக்கு" என்றாள் பாண்டிசெல்வி.

கதவுகளை இணைக்கிற திருகுகள் மூன்று. ஒன்றைத் திருகினால் பக்கத்துக் கதவும் கூடவே அசையும். முதல் இரண்டைச் சமப்படுத்தி, பிறகு கடைசி இரண்டைச் சமப்படுத்தி, அப்புறம்தான் நடுத் திருகில் இரண்டு ஜோடியையும் சேர்க்க வேண்டும் என்று புரிவதற்கே மதியம் ஆனது. சாப்பாட்டை நின்றபடியே முடித்தார்கள். கால் திருகு, அரைக்கால் திருகு, மறுபடி கிண்ணம், மறுபடி அளவு. பாண்டிசெல்வி ஒவ்வோர் அளவையும் சுவரில் சாக்பீஸால் எழுதி, முந்தியதை அழித்தாள். மாலை ஐந்து மணிக்கு நான்கு எண்ணும் இருபத்திரண்டில் நின்றன. பானெட்டின் மேல் வைத்த டீ கிளாஸில் டீ அசையவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விமல் டிரெய்லரோடு வந்தான். இஞ்சின் ஓடுவதைக் காது கொடுத்துக் கேட்டான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். யுவராணி பக்கத்து இருக்கையில் ஏறினாள்.

மதுரை ரோட்டில் வன்னியம்பட்டி விலக்கு வரை போனார்கள். ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தபோது இஞ்சின் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பஸ் விலகியதும் விமல் மிதித்தான். இருவரின் முதுகும் சீட்டில் ஒட்டியது. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

திரும்பி வந்ததும் பாக்கெட்டிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினான். "எழுதுங்கக்கா. நேரமாச்சு, ஏத்திருவோம்."

யுவராணி பேனாவைக் கையில் வாங்கவில்லை. இஞ்சின் இவ்வளவு சூடாக இதுவரை ஓடியதில்லை. கிண்ணத்தை எடுத்து நான்கு வாயிலும் வைத்தாள். இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்திரண்டு, பத்தொன்பது.

"மூணு மில்லிமீட்டரு தானட்டி" என்று பாண்டிசெல்வி அவள் காதில் சொன்னாள். "காதுக்கே கேக்கல. எழுதிக் குடுத்து அனுப்பு."

விமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டே முக்கால்; அவன் வைத்த கெடு முன்பே தாண்டியிருந்தது.

"தம்பி, சூட்டுல நாலாவது எறங்குது. டிராக்குல இதவிடச் சூடாகும். அரை மணி நேரம் குடுங்க. ஏலாதுன்னா ஏத்திட்டுப் போங்க. ஆனா எம்பேர எழுத மாட்டேன்."

விமல் படிவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். "கிண்ணத்த நான் பிடிக்கேன். நீங்க திருகுங்க."

சூடான இஞ்சின் மேல் குனிந்து திருகியதில் யுவராணியின் முழங்கை இரண்டு இடத்தில் சுட்டது. விமல் அளவைச் சொல்லச் சொல்ல, பாண்டிசெல்வி சுவரில் எழுதி எழுதி அழித்தாள். ஒன்றேகால் மணிக்கு நான்கும் ஒன்றாக நின்றன. பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார்கள். அப்படியே நின்றன.

யுவராணி கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தைப் பானெட்டின் மேல் விரித்தாள். கட்டம் சின்னது. தன் பெயரை நுணுக்கி எழுதி, பக்கத்தில் பாண்டிசெல்வி பெயரையும் இடுக்கிச் சேர்த்தாள்.

"நாளைக்கு டிராக்குல யாரு அளக்க?" என்று கேட்டான் விமல்.

பாண்டிசெல்வி அதற்குள் கிண்ணத்தையும் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு டிரெய்லர் வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.