சிறுநீர்ப்பைக்கு விழுந்த வாக்குகள்

நாளைக் காலை அப்பாவின் சலப்பையை, அதாவது சிறுநீர்ப்பையை, வெட்டி எடுப்பதாக இருந்தது. அதன்பிறகு ஆயுள் முழுக்க வயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பையோடு திரிய வேண்டும். லண்டன் முதல் மெல்பேர்ண் வரை பரவியிருந்த எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவின் டொக்டர்கள் ஏகமனதாக சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கே வாக்களித்திருந்தார்கள். அதில் ஒருவர் பல் டொக்டர். ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து எடுத்த சதைத்துண்டைச் சோதித்த டொக்டர் ஹம்சிகா மட்டும், இன்னொரு சாயம் போட்டுப் பார்க்க அவகாசம் கேட்டிருந்தார்.

மாலையில் அவருடைய அழைப்பு வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், இது புரொஸ்டேட்டில தொடங்கின அரிய வகைக் கான்சர். சலப்பைக் கட்டி மாதிரியே வேஷம் போடும். ரத்தச் சோதனையிலயும் பிடிபடேல்ல. நாளைக்கு ஒப்பரேஷன் இல்லை, வைத்தியமே வேற. சேர்ஜனிட்டயும் சொல்லிட்டன்."

அப்பா கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தார். "அப்ப என்ர சலப்பை, பிள்ளை?"

"அது உங்களோடதான் இருக்கும்."

"ஒருக்காப் போயிட்டு வாறன்" என்று அப்பா எழுந்துபோய்ப் பாத்ரூம் கதவைச் சாத்தினார். அம்மா வெளியே நின்று அழத் தொடங்கினார்.