ரிப்பன் கட்டிய வில்லை

"அக்கா, அதுல கை வைக்காதீங்க."

ஈரத் துணியை நீட்டிய நாத்தனாரின் கை அப்படியே நின்றது. ஆனால் காரியம் பாதி முடிந்துவிட்டிருந்தது. மேசை மேல் இருந்த வில்லையைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனைக் காணோம். அது குப்பைக் கூடையின் விளிம்பில் தொங்கியது.

"ஒரே தூசி. துடைச்சு வச்சா என்னவாம்?"

"துடைச்சா கரண்ட் தூக்கிப் போட்டுடும்க்கா."

டீச்சர் நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து மெல்ல இரண்டடி பின்னால் இழுத்தாள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கட்டிய கணவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து இப்போது அவர் உடலை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியிருந்தது. கூடத்தில் இடம் போதாது, வருகிறவர்கள் உட்கார இந்த அறையையும் ஒழித்துக் கொடு என்று மகன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நாத்தனார் உதவ வந்தாள். வந்த வேகத்தில் முதலில் ரிப்பனைத்தான் பிடுங்கியிருக்கிறாள்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. வில்லை என்பது அவர் கையால் செய்யும் மின்தேக்கி. ரிப்பன் கட்டியிருந்தால் வில்லைக்குள் மின்சாரம் இருக்கிறது. அதிலிருந்து நீண்ட இரண்டு உலோகக் கால்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தால் காலி. ரிப்பனும் இல்லாமல் கம்பியும் இல்லாமல் ஒரு வில்லை அந்த மேசையில் இருந்ததே கிடையாது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் டிபன் பாக்ஸ் நிறைய வெள்ளைத் தூளோடு வந்து நின்றார் மனிதர். சுட்ட பீங்கான் தூள். அதைப் பிளாஸ்டிக் பசையில் குழைத்து, சமையல் மேடையில் கொட்டி, அவளுடைய உருட்டுக்கட்டையாலேயே தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

"பீங்கான் நிறைய மின்சாரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ஆனா ஓங்கிக் கொடுத்தா பொடிஞ்சிடும். பிளாஸ்டிக் எவ்வளவு கொடுத்தாலும் தாங்கும். ஆனா ஒண்ணையும் வச்சுக்காது. ரெண்டையும் கலந்தா குடும்பம் நடக்கும்."

"இதுல நான் எது?"

"நீதான் பீங்கான்."

"பொடியறது யாருன்னு பார்க்கலாம். முதல்ல எனக்கு வேற கட்டை வாங்கிக் கொடுங்க."

"பேட்டரி மாதிரி இழுத்து இழுத்துக் கொடுக்காது இது. கேட்ட மறுநொடி மொத்தத்தையும் கொட்டிடும்."

"உங்க அக்கா மாதிரின்னு சொல்லுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் மேடையிலிருந்த தூள் பறந்தது. அந்தப் பசை வாடை வெகுநாள் சமையலறையை விட்டுப் போகவில்லை. சாப்பிட்டதெல்லாம் புது வாளி மாதிரி மணத்தது.

பிறகு எத்தனை வில்லைகள். ஆய்வுக்கூடத்தில் இருந்தவரை அங்கே வெடித்தன. ஓய்வு பெற்ற பிறகு இந்த அறையில் வெடித்தன. 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கு அரைச் சாப்பாடுதான். மறுநாள் காலை மறுபடி தூளைச் சலித்துக்கொண்டிருப்பார். கடைசியாகச் செய்த இந்த ஒன்று மட்டும் வெடிக்கவில்லை. சாயங்காலம் சார்ஜ் ஏற்றி, எவ்வளவு நாள் தாங்குகிறது பார்ப்போம் என்று ரிப்பனைக் கட்டினார். அவள் பள்ளிக்கூடத்துப் பரிசுப் பொட்டலத்திலிருந்து எடுத்து வந்த ரிப்பன். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கேள்விதான்.

"ரிப்பன் இருக்கா டீச்சர்?"

"இருக்கு. உங்களைவிடத் தெம்பா இருக்கு."

"அப்ப வந்து பார்த்துக்கறேன்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மகனோடு மீட்டர் உள்ளே வந்தார். ஆய்வுக்கூடத்தில் கணவரோடு ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

"அம்மா, பசங்க உள்ளயும் வெளியயும் ஓடிட்டிருக்காங்க," என்றான் மகன். "இதைக் காலி பண்ணிடலாம்மா. மாமா பண்ணிடுவாரு."

அவன் சொல்வது நியாயம்தான். பேரன் ஒருவன் ஏற்கெனவே கதவிடுக்கில் தலையை நீட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அந்த வில்லைக்குள் இருப்பது அவர் தன் கையால் ஏற்றியது. இறக்கிவிட்டால் திரும்ப ஏற்ற அவர் இல்லை. இதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"முதல்ல எவ்வளவு இருக்குன்னு பாருங்கண்ணே," என்றாள்.

மீட்டர் அலமாரியிலிருந்து முள் வைத்த பழைய அளவுமானியை இறக்கி, வில்லையின் கால்களில் மாட்டினார். முள் எழுந்து போய் ஓரிடத்தில் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னண்ணே?"

"ஏத்தினது கிட்டத்தட்ட அப்படியே இருக்கு டீச்சர். படுபாவி. சாதிச்சுட்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"உங்ககிட்ட வாயால சொன்னா நம்பமாட்டீங்களாம்."

மீட்டர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. மரப்பிடி போட்ட கம்பியை எடுத்தார்.

"கொடுங்கண்ணே. நானே பண்றேன்."

அவர் பிடியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் கம்பியால் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் தொட்டாள். படீரென்று நீலமாக ஒரு பொறி. நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். முள் சரிந்து பூஜ்யத்தில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டு டீச்சர் கம்பியை எடுத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் நாத்தனார்.

"அவ்வளவுதான்க்கா."

வெளியே ஹாரன் கேட்டது. மகன் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நாத்தனார் தம்பியைப் பெயர் சொல்லி அழைத்தபடி பின்னால் போனாள்.

மீட்டர் சட்டைப் பையிலிருந்து செப்புக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்தார். "காலைச் சேர்த்துக் கட்டிடணும் டீச்சர். இல்லேன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. காலியாயிடுச்சுன்னு உடனே நம்பாதே டீச்சர், மேலாப்பல இருக்கறதுதான் போகும், ஆழத்துல மாட்டினது தானா மெதுவா வெளிய வரும் என்று அந்த வீட்டுச் சுவர்களுக்கே மனப்பாடம் ஆகும்படி சொல்லியிருந்தார் கணவர்.

முள் பூஜ்யத்தை விட்டு அசைந்தது. நின்றது. மறுபடி ஒரு மயிரிழை ஏறியது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மீட்டர் செப்புக் கம்பியைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வாசலுக்குப் போனார்.

டீச்சர் அளவுமானியைக் கழற்றினாள். கூடையில் தொங்கிய ரிப்பனை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீவினாள். கால்களில் விரல் படாமல் வில்லையைச் சுற்றிக் கட்டி, அவர் போடுவது போலவே இரட்டை முடிச்சுப் போட்டாள். பிள்ளைகளுக்கு எட்டாத மேல் தட்டில் அதை வைத்தாள்.

"அம்மா," என்று மகன் வாசலிலிருந்து கூப்பிட்டான்.

"வர்றேன்," என்றாள். ரிப்பனின் ஒரு நுனி தட்டுக்கு வெளியே நீண்டிருந்தது. அதையும் எக்கி உள்ளே தள்ளிவிட்டு நடந்தாள்.