கச்சான் தீர்ந்தால் தீபாவளி இல்லை

போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்குத் தீபாவளியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. கப்பல் வந்தால் கண்டெய்னரை இறக்கியே ஆக வேண்டும். வீரம்மா வேலை பார்த்த லோரி கம்பெனியில் அன்றைக்கும் கேட்டில் ஒருவர், ஆபீஸ் மேசையில் ஒருவர் இருந்தாக வேண்டும். கேட்டுக்கு ஜமால் முகமது இருந்தான். ராமநாதபுரத்திலிருந்து பெர்மிட்டில் வந்தவன். பெருநாளுக்கு லீவ் எடுத்துக்கொண்டு, தீபாவளிக்குத் தானாகவே வந்து நிற்பான். மேசைக்குத்தான் தகராறு. அங்கே இருந்த வீரம்மா, குரு, ஜீவன் மூன்று பேரும் விளக்கேற்றுகிறவர்கள்.

அந்தத் தகராறைச் சீட்டாடித் தீர்ப்பது ஆபீஸ் வழக்கம். பணம் கிடையாது. ஆளுக்கு ஒரு டப்பா வறுத்த கச்சான், அதாவது வேர்க்கடலை. யாருடைய கச்சான் முதலில் தீர்கிறதோ அவர் தீபாவளியன்று மேசையில். தோற்றபின் அழக் கூடாது, ஆள் மாற்றக் கூடாது. போன மூன்று வருஷமும் ரம்மியில் தோற்றது வீரம்மாதான்.

இந்த வருஷம் அப்படி விட முடியாது. மகள் லோகேஸ்வரிக்குத் தலைத்தீபாவளி. மாப்பிள்ளை முதன்முதலாகப் பண்டிகைக்கு வீடேறி வரும்போது, அவர் தலையில் எண்ணெய் வைக்க வேண்டிய மாமியார் ஆபீஸில் உட்கார்ந்து லோரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? விஷயத்தைச் சொல்லியிருந்தால் குருவும் ஜீவனும் விட்டுக்கொடுத்திருப்பார்கள். வீரம்மா சொல்லுகிற ஆளில்லை. பாவம் பார்த்துக் கொடுத்த லீவில் சுட்ட முறுக்கு தொண்டையில் இறங்காது என்பது அவள் கட்சி.

"ரம்மி போரடிக்குது லா. இந்த வருஷம் போக்கர் ஆடுவோம்," என்று ஜீவன் ஆரம்பித்தபோது அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ரம்மி தன்னை வாழவைக்கவில்லை, இதாவது வைக்கட்டும்.

சொல்லிக்கொடுக்க வேறு யாரும் அகப்படாமல் மாப்பிள்ளையையே பிடித்தாள். பிரவின் போர்ட் கிள்ளானிலேயே வேறொரு கிடங்கில் சூப்பர்வைசர். மரியாதை தெரிந்த பையன். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்தவனைச் சாப்பாடு போட்ட கையோடு சீட்டுக்கட்டின் முன்னால் உட்கார்த்தி வைத்தாள்.

"கையில ரெண்டு சீட்டு, அத்தை. மேசையில அஞ்சு. மொத்தம் ஏழுல நல்லதாப் பாத்து அஞ்சை சேத்துக்கணும். இதுக்குப் பேரு டெக்சாஸ்."

மேசையில் ராணி விழுந்ததுதான் தாமதம், வீரம்மா லபக்கென்று எடுத்துத் தன் கையில் செருகிக்கொண்டாள்.

"ஐயோ அத்தை, அது எல்லாருக்கும் பொது!"

"எடுக்கக் கூடாத சீட்டைக் கண்ணு முன்னால எதுக்கு வெக்கறீங்க மாப்பிள்ளை?"

லோகேஸ்வரி சிரித்துச் சிரித்து விக்கினாள். ரம்மிக் கை, என்ன செய்வது! அந்தப் பழக்கம் போவதற்குள் பிரவினுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆனால் தீபாவளி நெருங்குவதற்குள், ஜோடியைவிட இரண்டு ஜோடி பெரிது, அதைவிட ஒரே எண்ணில் மூன்று பெரிது, ஐந்தும் ஒரே இனமானால் அதற்கும் மேலே என்று மாவு பிசையும்போதுகூட வீரம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஜமால்தான் சீட்டுப் போடுகிறவன். உட்கார்ந்ததும் குரு குண்டைப் போட்டான்.

"டெக்சாஸ் சின்னப் பிள்ளைங்க ஆடறது. நாம ஒமாஹா ஆடுவோம்."

வீரம்மா கச்சான் டப்பாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அது என்னடா புதுசா?"

"கையில நாலு சீட்டு அக்கா, அவ்ளோதான். மத்ததெல்லாம் சேம்."

"அவ்ளோதான் இல்ல," என்றான் ஜமால், போனில் விதிகளைப் பார்த்தபடி. "கையிலேருந்து ரெண்டு, மேசையிலேருந்து மூணு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கேட்டுக்குங்க அக்கா."

வீரம்மா கேட்டுக்கொண்டாள். பயந்தவள் காது எப்போதும் கூர்மை. குரு கேட்கவில்லை, அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஜீவன் ஜெயித்துக் கச்சானைக் குவித்தான். வீரம்மாவுக்கும் குருவுக்கும் டப்பாவின் அடி தெரிந்தது, இருவருக்கும் சரிசமமாக. அடுத்த ஆட்டத்தில் ஜீவன் பாதியிலேயே சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டான். மேசையில் நாலு சீட்டு திறந்திருந்தது. அதில் மூன்று ஆட்டின், அதாவது சிவப்பு இதயம். நாலாவது ஒரு ஸ்பேட் ஒன்பது. குரு சுரத்தில்லாமல் கச்சான் தோலை ஊதிக்கொண்டிருந்தான். ஜமால் கடைசிச் சீட்டைத் திறந்தான். ஆட்டின் ஒன்பது. குரு நிமிர்ந்து உட்கார்ந்து, டப்பாவோடு நடுவில் தள்ளினான்.

"எல்லாம் போட்டாச்சு. பயமா இருந்தா கவுத்துடுங்க அக்கா."

வீரம்மாவின் கையில் இன்னொரு ஒன்பது இருந்தது. மேசையிலிருந்த இரண்டோடு சேர்ந்தால் மூன்று ஒன்பது. மேசையில் நாலு ஆட்டின் கிடக்கும்போது அது என்ன பெரிய கை? லோகேஸ்வரியின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. கவிழ்த்துவிடலாமா?

அப்போதுதான் உறைத்தது. இவன் கையில் ஆட்டின் இரண்டு இருந்திருந்தால், மேசையில் மூன்று விழுந்தபோதே குதித்திருப்பானே! நாலாவதைப் பார்த்து ஏன் குதிக்கிறான்? ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறான், பாவி!

"நானும் போட்டாச்சு," என்று டப்பாவைத் தள்ளினாள். "காட்டுடா."

குரு ஆட்டின் ஏஸை டப்பென்று அறைந்தான். "ஏஸ்! மேசையில நாலு, என்கிட்ட ஒண்ணு. அஞ்சு ஆட்டின்!"

"ஏஸ் சரி. கையிலேருந்து இன்னொரு ஆட்டின் எங்க? ரெண்டு எடுத்து வை."

குரு மேசையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், ஜமாலைப் பார்த்தான். அவனுக்குத் தேறியது இரண்டு ஜோடிதான். ஜமால் இரண்டு டப்பாவையும், மூன்று ஒன்பதைக் காட்டிய வீரம்மா பக்கம் நகர்த்தினான்.

"அடியாத்தி!" என்று வீரம்மா போட்ட கூச்சலில் வெளியே நின்ற லோரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை அவள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது பிரவின் போன் செய்தான்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நான் வர முடியாது. எங்க கிடங்குலயும் ஷிஃப்ட் தகராறு. போக்கர் ஆடி முடிவு பண்ணலாம்னு நான்தான் சொன்னேன்…"

"சொல்லி?"

"தோத்துட்டேன்."

வீரம்மாவுக்கு முதலில் அழுகை வந்தது. இதற்கா இத்தனை பாடு! பிறகு, எங்கிருந்து வந்ததோ, சிரிப்பு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலை தாயும் மகளும் அடுக்குக் கேரியரும் எண்ணெய்க் கிண்ணமுமாகக் கிடங்கு வாசலில் போய் இறங்கினார்கள். பிரவின் வெட்கத்தோடு ஹெல்மெட்டைக் கழற்றி, காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்தில் நின்ற லோரிக்காரன் ஹாரன் அடித்து வாழ்த்தினான்.

"எப்படித் தோத்தீங்க மாப்பிள்ளை?" எண்ணெயை உச்சந்தலையில் வைத்தபடி வீரம்மா கேட்டாள்.

"ஒமாஹா அத்தை. மேசையில நாலு ஸ்பேட். என் கையில ஒண்ணு இருந்துச்சு, அஞ்சாச்சேன்னு…"

வீரம்மாவின் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மாப்பிள்ளை என்றும் பாராமல் அழுத்தித் தேய்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. சீட்டுக்கட்டு எடுத்து வெக்கிறேன்," என்றாள். "இந்தத் தடவை நான் சொல்லித் தரேன்."